வெயிலுக்கு முன்பே தெளிக்க வேண்டும்: உயிர் ஊக்கிகளோடு என் அனுபவம்

உயிர் ஊக்கி என்பது உரமாக இல்லாமல், செடியின் சொந்த வேலைகளைத் தூண்டிவிடும் பொருள். அவற்றுள் ஒன்றான கடற்பாசிச் சாற்றின் புட்டி எதை எடுத்துப் பார்த்தாலும் வறட்சியைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், உப்பைத் தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்பதும் இருக்கும். எந்த நாளில் தெளிப்பது என்பது மட்டும் இருக்காது. தக்காளி, மிளகாய், வெண்டை என்று காய்கறிகளையே நம்பிப் பயிர் செய்கிற நான் இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அந்த விடுபட்ட வரியைப் பற்றித்தான்.

இலை சுருண்டு, பூ உதிர்ந்து, செடி தலை தொங்கிய பிறகுதான் நம்மில் பலர் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறோம். ஊக்கியை வாங்கி வைத்திருப்பவர்கள்கூட அதுவரை அதைத் திறப்பதில்லை. அந்த நேரத்தில் செடிக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தால், தெளிப்பு ஏன் வீணாகிறது என்பது விளங்கிவிடும்.

வேர் கொடுக்கும் நீரைவிட இலை இழக்கும் நீர் கூடிப்போகும்போது செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதோடு குறைந்துபோகிறது. வெயிலோ விழுந்துகொண்டேதான் இருக்கிறது. உணவு தயாரிப்பில் செலவாக வழியில்லாத அந்த ஒளியாற்றல், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிரமான ஆக்சிஜன் சேர்மங்களை இலைக்குள் பெருகச் செய்கிறது. செல்களின் சவ்வு கெடுவதற்கு இவைதான் பெரிய காரணம். செடியும் கைகட்டி நிற்பதில்லை. புரோலின் என்ற அமினோ அமிலத்தையும் சில சர்க்கரைகளையும் சேர்த்துச் செல்லுக்குள் நீரைப் பிடித்து வைக்கப் பார்க்கிறது. தீவிர ஆக்சிஜனைத் தணிக்கும் நொதிகளைக் கூட்டுகிறது. வேரை ஆழத்துக்கு அனுப்புகிறது. இவற்றுள் எதுவும் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை.

கடற்பாசிச் சாறு இந்த வேலைகளைத் தொடங்கிவைக்கும் சைகை, அவ்வளவே. லிட்டருக்கு இரண்டரை மில்லி என்று ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் மொத்தம் அரை லிட்டர் சாறுதான் போகிறது. அதிலும் பெரும்பகுதி தண்ணீர். ஒரு ஏக்கர் பயிருக்கு அதை உணவு என்று சொல்ல முடியாது. அதிலுள்ள ஆல்ஜினேட், லாமினாரின், மானிட்டால், பீட்டெய்ன் போன்றவை செடியின் தற்காப்பு ஏற்பாடுகளை முடுக்கிவிடுகின்றன. ஏற்பாடு செய்துகொள்ளச் செடிக்கு நாள் வேண்டும், கையில் நீரும் சத்தும் வேண்டும். வாடித் தொங்கும் செடியிடம் இந்த மூன்றும் இருக்காது. பெருமழை பிடித்த பிறகு கூரை வேய ஆள் தேடுகிற கதைதான்.

தக்காளியில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. பகல் வெப்பம் சுமார் 32 பாகை செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 21-க்குக் கீழே இறங்காமல் போனால் மகரந்தம் பழுதாகத் தொடங்குகிறது. பலரும் கவனிக்காத ஒன்று, இந்தப் பழுது பூ மலர்ந்திருக்கும்போது மட்டும் ஏற்படுவதில்லை என்பது. மலர்வதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் முன்பு, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் கட்டமே வெப்பத்தால் அதிகம் அடிபடுகிறது. ஆகவே இன்று உதிரும் பூக்கள் பல, போன வாரமே கெட்டுப்போனவை. அவற்றின்மேல் எதைத் தெளித்தாலும் ஒட்டவைக்க முடியாது. நாம் காப்பாற்றக்கூடியது இன்னும் மலராத மொட்டுகளைத்தான்.

இது புரிந்த பிறகு நான் செடியைப் பார்த்துத் தெளிப்பதைவிட வானிலை அறிவிப்பைப் பார்த்துத் தெளிப்பதே அதிகம். அதிலும் பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இரவும் புழுங்கப்போகிறது என்று தெரிந்தால், மூன்று நான்கு நாள் முன்னதாகவே முதல் தெளிப்பு முடிந்திருக்க வேண்டும். வெப்பம் நீடித்தால் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் அடுத்தது. தெளிப்பதற்கு முந்திய நாள் பாசனம் கட்டாயம். நீர் குடித்து நிமிர்ந்து நிற்கும் செடிதான் தெளிப்பை ஏற்கும். விடியற்காலையில், அல்லது வெயில் சாய்ந்த பிறகு தெளிக்கிறேன். இலையின் மேல்தோல் வழியே கரைசல் உள்ளே போவது அது ஈரமாக இருக்கும் வரைதான். உச்சி வெயிலில் தெளித்தால் சொட்டு நிமிடங்களில் காய்ந்து, கரைந்திருந்தவை இலைமேல் பொடியாக ஒட்டிக்கொள்ளும். இலையின் அடிப்பக்கத்தில் மேல்தோல் பொதுவாக மெல்லியது, துளைகளும் அங்கேதான் அதிகம். தெளிப்பானின் முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பிப் பிடிப்பதற்கு இடுப்பு வலிக்கும். வேறு வழியில்லை.

அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பொருள்கள் மிகக் குறைந்த செறிவில் தூண்டுகின்றன, செறிவு கூடினால் அதே பொருள் வளர்ச்சியைத் தடுக்கிறது. விதை ஊறவைக்கும்போது இது கண்கூடாகத் தெரியும். நீர்த்த கரைசலில் ஊறிய விதை சீராக முளைக்கும். அடர்ந்த கரைசலில் ஊறியது முளைக்கவே தயங்கும்.

சரி, பலன் கிடைத்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடக்கும் ஏமாற்றங்களுக்கெல்லாம் மூலம் இந்தக் கேள்வியைக் கேட்காததுதான். வயல் முழுவதும் தெளித்துவிட்டு, பத்து நாள் கழித்துப் பயிர் நன்றாக இருந்தால் ஊக்கிக்குப் பெயர் போகிறது. நடுவில் ஒரு மழை பெய்திருக்கும், காற்று திசை மாறியிருக்கும், அதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் எப்போதும் சில வரிசைகளை எதுவும் தெளிக்காமல் விட்டுவிடுகிறேன். சில வரிசைகளுக்கு வெறும் தண்ணீர் மட்டும் தெளிக்கிறேன். இந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஆனால் வெப்ப நாள்களில் மாலையில் வெறும் தண்ணீர் தெளித்தாலே இலையில் படிந்த தூசி கழுவப்பட்டு, சிலந்திப் பேனும் ஓரளவு குறைந்து, செடி தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவை ஊக்கியின் கணக்கில் எழுதக் கூடாது அல்லவா? வரிசைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வரப்போரத்து வரிசைக்குக் காற்றும் தூசியும் அதிகம், வாய்க்கால் ஓரத்து வரிசைக்கு நீர் அதிகம். இந்த இரண்டையும் தவிர்த்து, நடு வயலில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையிலும் சில செடிகளுக்கு நாடா கட்டி, எத்தனையாவது கொத்தில் எத்தனை காய் நின்றது என்று எண்ண வேண்டும். எண்ணுவது எது எந்த வரிசை என்று தெரியாத ஆளாக இருந்தால் நல்லது. ஆசை கண்ணை மறைக்கும், என் கண்ணும் விதிவிலக்கு இல்லை.

அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த வேறுபாடு இலையின் பசுமையில் இல்லை. தெளித்த வரிசைகளில் நண்பகல் வாட்டம் இருக்கத்தான் செய்தது, ஆனால் மாலையில் செடி சீக்கிரம் நிமிர்ந்தது. வெப்ப நாள்கள் கடந்த பிறகு வந்த கொத்துகளில் காய் கூடுதலாக நின்றது. வேறுபாடு மலைக்க வைக்கும் அளவு இல்லை. வெயில் மிதமாக இருந்த பருவங்களில் அதுவும் இல்லை, தெளித்ததும் தெளிக்காததும் ஒன்றுபோலவே காய்த்தன. நெருக்கடி இல்லாதபோது நெருக்கடிக்கான பொருள் பலன் தராதது இயல்புதான். காலண்டரைப் பார்த்து மாதம் தவறாமல் தெளிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தெளித்த இரண்டு மூன்று நாளிலேயே பயிர் கரும்பச்சையாகி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு மளமளவென்று ஓங்கினால் நான் மகிழ்வதில்லை, சந்தேகப்படுகிறேன். அது கடற்பாசியின் வேலையாகத் தெரியவில்லை. தழைச்சத்தோ வளர்ச்சி ஹார்மோனோ கலந்திருக்கலாம். வறட்சியை எதிர்நோக்கியிருக்கும் நேரத்தில் தளதளவென்ற இளந்தளிர் பெருகுவது நமக்கு எதிரானது. நீர் செலவும் கூடும், சாறு உறிஞ்சும் பூச்சிகளும் வந்து சேரும்.

வாங்கும்போது நான் பார்ப்பது சில விவரங்களைத்தான். எந்தக் கடற்பாசி என்று பெயர் போட்டிருக்கிறதா? அஸ்கோஃபில்லம், கப்பாஃபைக்கஸ், எக்லோனியா, சர்காசம் என்று பல இனங்கள் பயன்பாட்டில் இருக்கின்றன, ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு அப்படியே வராது. காரத்தில் வேகவைத்து எடுத்ததா, குளிர் முறையில் செல்லை உடைத்து எடுத்ததா? பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு எடுத்த சாற்றில் சாம்பல்சத்து இருக்கும், காரத்தன்மையும் இருக்கும். திடப்பொருள் எத்தனை சதவீதம், தயாரித்த நாள் எது? நூறு சதவீதம் இயற்கை என்ற வரி எதையும் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்து 2022 ஜூலையில் நடைமுறைப்படுத்திய உரச் சட்டம் இந்தப் பொருள்களை, எதனால் ஆனவை என்று பார்க்காமல் என்ன செய்கின்றன என்பதைக்கொண்டு வரையறுக்கிறது. சத்தைத் திறம்படப் பயன்படுத்துவது, சூழல் நெருக்கடியைத் தாங்குவது, விளைபொருளின் தரம், மண்ணிலும் வேரைச் சுற்றியும் முடங்கிக் கிடக்கும் சத்தைக் கிடைக்கச் செய்வது ஆகிய நான்கில் எதற்காக விற்கிறார்களோ அதை மெய்ப்பிக்க வேண்டும். பூச்சியையும் நோயையும் கட்டுப்படுத்தும் என்ற பேச்சு அந்த வரையறைக்குள் வராது. எந்த நாட்டில் வாங்கினாலும் மனத்தில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல் இது. எல்லாவற்றையும் செய்யும் என்று சொல்லும் புட்டியை நான் அலமாரியிலேயே விட்டுவிடுகிறேன்.

உப்புத்தண்ணீர் விஷயம் வேறு. என் கிணற்று நீர் கோடையில் உவர்த்துவிடும். மண்ணின் உப்பளவை மின்கடத்தும் திறனாக அளப்பார்கள். மண்சாற்றில் அது மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால் தக்காளி விளைச்சல் இறங்கத் தொடங்கும். மிளகாய்க்கு அந்த எல்லை 1.5, பீன்ஸுக்கு 1 மட்டுமே. உப்பு இரண்டு வகையில் அடிக்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாமல் செய்வது முதலில் நடக்கும். சோடியமும் குளோரைடும் இலையில் சேர்ந்து ஓரங்கள் கருகுவது மெதுவாகப் பின்னால் வரும். எந்த ஊக்கியும் மண்ணிலிருந்து ஒரு கிராம் உப்பைக்கூட வெளியேற்றாது. அதற்குக் கூடுதல் நீர் பாய்ச்சி வேர் மண்டலத்துக்குக் கீழே கழுவி இறக்க வேண்டும், வடிகால் வேண்டும், மண் களராக இருந்தால் ஜிப்சம் வேண்டும். இவற்றைச் செய்துகொண்டே, மக்கிய பொருள்களிலிருந்து கிடைக்கும் ஹியூமிக் அமிலத்தையும் வேரில் விட்டபோது பக்கவேர்கள் பெருகியதைச் செடியைப் பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வேர்ச்செல்களின் சவ்விலிருந்து புரோட்டான்களை வெளியே தள்ளும் புரதமான புரோட்டான் பம்பை ஹியூமிக் பொருள்கள் தூண்டுகின்றன, பக்கவேர் கிளைப்பதும் சத்து உறிஞ்சுவதும் அதனால் கூடுகிறது. இளம் வேர் உள்ள காலத்தில் கொடுத்தால்தான் இது நடக்கும். காய்த்து முடியும் செடிக்கு ஊற்றினால் மண்தான் கறுக்கும்.

ஹியூமிக் அமிலத்தைச் சொட்டுநீரில் விடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது காரத்தில் கரையும், அமிலத்தில் திரிந்துவிடும். கடின நீரில் உள்ள கால்சியமும் அதைத் திரியவைக்கும். கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே தொட்டியில் கலந்தால் கறுப்புக் கசடு படிந்து சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். என் கிணற்று நீரில் ஒரு கண்ணாடிக் குவளை அளவு கலந்து, அரை மணி நேரம் வைத்துப் பார்த்த பிறகுதான் எதையும் குழாய்க்குள் விடுகிறேன். புதிதாக எந்தக் கலவையானாலும் இதே குவளைச் சோதனைதான். ஹியூமிக்கின் உறவான ஃபுல்விக் அமிலம் அமிலத்திலும் கரையும், அதனால் இலைத்தெளிப்புக்கு அது வசதி.

அமினோ அமிலக் கரைசல்களை நான் வைத்திருப்பது நெருக்கடி முடிந்த பிறகு கொடுப்பதற்கு. நீர் தேங்கி வேர் மூச்சுத்திணறிய பயிருக்கு முதல் வேலை வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பது. வேர் உறிஞ்சத் தொடங்கும் வரை இலைவழியாகக் குறைந்த அளவில் அமினோ அமிலமும் நுண்ணூட்டமும் கொடுத்தால் புதுத் தளிர் சீக்கிரம் வருகிறது. நெடுநாள் நீர் நின்று வேர் அழுகிய செடி எதற்கும் திரும்பாது. இதில் ஒன்றை மறக்கக் கூடாது. அமினோ அமிலம் உலோகச் சத்துகளைப் பிடித்து இலைக்குள் இழுத்துச் செல்லும் தன்மை கொண்டது. தாமிரம் கலந்த பூசணக்கொல்லியோடு அதைக் கலந்தாலோ, அடுத்தடுத்த நாளில் தெளித்தாலோ தாமிரம் அளவுக்கு மீறி உள்ளே போய் இலை கருகும். கந்தகத்துக்கும் எண்ணெய்த் தெளிப்புக்கும் இதே விலகல் வேண்டும்.

வேர் உட்பூசணத்துக்கு, அதாவது வேருக்குள் குடியேறிச் செடிக்கு உதவும் பூசணத்துக்கு, பொறுமை தேவை. அதன் இழைகள் வேர்த்தூவியும் நுழைய முடியாத மண்துளைகளுக்குள் போய் நீரையும் மணிச்சத்தையும் கொண்டுவருகின்றன. அது வேரைத் தொட்டால்தான் பிடிக்கும், ஆகவே நாற்றங்காலில் அல்லது நடவுக்குழியில் இட வேண்டும். வயல்மேல் தூவுவதால் பயன் இல்லை. மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்ட மண்ணில் செடி அதைச் சேர்த்துக்கொள்ளாது. முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பமும் பீட்ரூட்டும் அதோடு கூட்டுச் சேர்வதே இல்லை. இந்தப் பயிர்களுக்கும் அதை விற்கிறார்கள். ஊக்கியாக விற்கப்படும் இன்னொன்றான சிலிக்கா நெல்லிலும் வெள்ளரியிலும் நன்றாக ஏறும், தக்காளி அதை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். எனவே என் வயலில் அதற்கு வேலை இல்லை.

மீன் அமிலம், பஞ்சகவ்யம் போல வீட்டிலேயே புளிக்கவைக்கும் கரைசல்களைப் பற்றிக் கேட்பார்கள். நானும் பயன்படுத்துகிறேன். பஞ்சகவ்யம் மூன்று சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. சிக்கல் என்னவென்றால் ஒரு முறை தயாரித்தது அடுத்த முறை தயாரித்தது போல இருக்காது. வெப்பம், நாள், கலக்கிய விதம் எல்லாம் செறிவை மாற்றும். புதிய தொகுப்பைத் திறந்தால் முதலில் ஓரிரு செடியில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறேன். மெல்லிய துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் முனை அடைத்துக்கொள்ளும். சாணம் சேர்ந்த எதையும் பச்சையாக உண்ணும் கீரை, காய்களில் அறுவடை நெருங்கும்போது தெளிக்கக் கூடாது. புளிக்கவைத்தால் நோய்க்கிருமி எல்லாம் செத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. கடலோரத்தில் ஒதுங்கும் பாசியை அள்ளிவந்து கரைசல் செய்பவர்கள் அதை நல்ல நீரில் பல முறை அலச வேண்டும், இல்லையேல் உப்பைத்தான் காய்ச்சித் தெளிப்பார்கள்.

எனக்குத் தெரிந்த வரை எந்த ஊக்கியும் மூடாக்கின் இடத்தைப் பிடிக்கவில்லை. வெயிலுக்கு முன் வைக்கோலோ சருகோ வரிசைகளில் பரப்பிய இடத்தில் மண் குளிர்ந்து கிடந்தது, பாசன இடைவெளியும் நீண்டது. அந்த வரிசைகளில் தெளிப்பின் பலனும் தெளிவாகத் தெரிந்தது. மூடாக்கு இல்லாத, சத்துக் குறைந்த மண்ணில் தெளித்தபோது தண்ணீர் வரிசைக்கும் ஊக்கி வரிசைக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. காசும் கையும் குறைவாக இருக்கிற பருவத்தில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் யோசிக்காமல் சருகு அள்ளப் போவேன்.

வெண்டைக்குத் தெளிப்பதை இப்போது நிறுத்திவிட்டேன். வெயில் அதற்குப் பிடித்தமானது, வரிசைகளுக்கு இடையே ஒரு வேறுபாடும் காணவில்லை. மிளகாயில் நாற்றின் வேரை நடவுக்கு முன் நீர்த்த கடற்பாசிக் கரைசலில் நனைப்பது நிலைத்துவிட்டது, நட்ட செடி வேர்பிடித்து நிமிர்வது சீக்கிரமாகிறது. தக்காளியில் எனக்கு இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நாற்றில் நனைப்பது மட்டும் போதுமா, மொட்டுக் கட்டத்துத் தெளிப்பும் வேண்டுமா? அடுத்த நடவில் வயலை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் நனைப்பதை மட்டும், மறுபக்கம் இரண்டையும் செய்து, நடுவில் எதுவும் தொடாத வரிசைகளை விட்டுப் பார்க்கப்போகிறேன். நாடா வாங்கி வைத்தாயிற்று, இரவு வெப்பம் ஏறும் வாரம் வர வேண்டும்.